இசைத்தட்டில் தங்கிவிடும் மின்சாரம்

வினைல் இசைத்தட்டை உறையிலிருந்து உருவும்போது சில நேரம் மெல்லிய படபடப்புக் கேட்கும். அறை இருட்டாக இருந்தால் சிறு நீலப் பொறிகூடத் தெரியும். தட்டை முன்கைக்கு அருகே கொண்டுபோனால் கைமுடி எழுந்து நிற்கும். டர்ன்டேபிளில் வைத்த ஒரு நிமிடத்துக்குள் அறையில் மிதக்கும் பஞ்சும் தூசும் தேடிவந்து ஒட்டிக்கொள்ளும். ஊசி இறங்கியதும் ஒலிபெருக்கியில் 'டிக்', 'டப்' என்று இடையிடையே வெடிக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: தட்டின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் நிலைமின்சாரம்.

இதற்குக் கடைகளில் கிடைக்கும் மருந்துகள் ஏராளம். தூரிகை, துப்பாக்கி, மேட், திரவம், தனி உறை என்று பட்டியல் நீளும். எது வேலை செய்யும், எது செய்யாது என்று பிரித்துப் பார்க்க ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் போதும். வினைல் மின்சாரத்தைக் கடத்தாது. அதன்மேல் ஏறிய மின்னூட்டம் தானாக இறங்கி ஓடாது. அது உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வழியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் போகும். ஒவ்வொரு மருந்தையும் இந்த அளவுகோலால் அளந்துவிடலாம்.

வினைல் ஏன் இப்படி?

எல்.பி. தட்டுகள் வினைல் குளோரைடும் சிறிதளவு வினைல் அசிடேட்டும் சேர்ந்த பிளாஸ்டிக்கால் ஆனவை. வீட்டில் தண்ணீர்க் குழாயாகவும் மின்கம்பியின் மேலுறையாகவும் இருக்கும் பி.வி.சி.க்கு இது நெருங்கிய சொந்தம். கம்பிக்குள் ஓடும் மின்சாரம் வெளியே கசியாமல் காக்கும் அதே குணம்தான், இசைத்தட்டின் மேல் ஏறிய மின்னூட்டத்தை விடாமல் பிடித்து வைக்கிறது.

இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து சில எலெக்ட்ரான்கள் மற்றதற்குத் தாவுகின்றன. உரசினால் தொடும் இடங்கள் பெருகும், தாவுவதும் பெருகும். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கும் பள்ளிக்கூடச் சோதனை இதுவே. எந்தப் பொருள் இழக்கும், எது வாங்கும் என்ற வரிசையைச் சுவீடன் இயற்பியலாளர் யோஹான் கார்ல் வில்க்கே 1757-இலேயே வெளியிட்டார். இன்றைய வரிசைகளில் கண்ணாடி, தலைமுடி, நைலான், கம்பளி ஆகியவை இழக்கும் பக்கம் நிற்கின்றன. காகிதமும் பருத்தியும் நடுவில் வருகின்றன. பி.வி.சி. கிட்டத்தட்ட மறுகோடியில், டெஃப்லானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே விரல், காகித உறை, பருத்தித் துணி, கம்பளி மேட் என்று எது தொட்டாலும் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் இசைத்தட்டுதான். அதில் சேர்வது எதிர் மின்னூட்டம்.

எல்.பி.க்கு முந்தைய 78 சுற்றுத் தட்டுகளில் இது பெரிய பேச்சாக இருக்கவில்லை. அவை அரக்கில் கல்மாவும் கரித்தூளும் கலந்து அழுத்தியவை. கிராமபோனின் எஃகு ஊசி கனத்த பாரத்தோடு அவற்றின் மேல் தூசியை உழுதுகொண்டே போகும். எப்போதும் இருக்கும் கரகரப்பில் சின்ன 'டிக்' மறைந்துவிடும். 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி.யையும், அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டையும் கொண்டுவந்தன. வினைலின் மேற்பரப்பு அமைதியானது. ஊசியின் பாரமும் குறைந்தது. அந்த அமைதிதான் சின்னச் சத்தத்தையும் காட்டிக்கொடுத்தது.

மின்னூட்டம் எங்கே ஏறுகிறது?

முதல் இடம் உறை. சாதாரணக் காகித உறைக்குள் தட்டு இறுக்கமாக இருந்தால், வெளியே இழுக்கும் ஒவ்வொரு முறையும் இரு முகங்களும் முழுவதும் உரசுகின்றன. காகிதம் நார்த்தூளையும் உதிர்க்கும். அதாவது மின்னூட்டமும் அதில் ஒட்ட வேண்டிய தூசியும் ஒரே இடத்தில் தயாராகின்றன.

இரண்டாவது, துடைப்பது. பனியன் துணியாலோ மைக்ரோஃபைபர் துணியாலோ உலர்ந்த தட்டை அழுத்தித் துடைத்தால் கண்ணுக்குத் தெரியும் தூசி போய்விடும். ஆனால் துடைத்த கை விலகும்போது தட்டு முன்பைவிட அதிகமாக மின்னேறி, சற்று நேரத்தில் அதைவிட அதிகத் தூசியை இழுத்திருக்கும்.

மூன்றாவது, பாட்டு முடிந்து தட்டைத் தூக்கும் கணம். பலரைத் திகைக்க வைப்பது இதுதான். சுழல்மேடையில் இருக்கும்வரை அமைதியாக இருந்த தட்டு, தூக்கியதும் படபடக்கிறது. ஃபெல்ட் மேட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. வோல்ட்டா 1775-இல் பிரபலமாக்கிய எலெக்ட்ரோஃபோரஸ் என்ற கருவி இதே தத்துவத்தில் இயங்குவது. மின்னேறிய தட்டு உலோகத்தை ஒட்டி இருக்கும்போது உலோகத்தில் அதற்கு நேர்மாறான மின்னூட்டம் கூடி அதைச் சமன் செய்து நிற்கும். வெளியே மின்புலம் அதிகம் தெரியாது. இரண்டையும் பிரித்தால் மின்னூட்டம் அதே அளவுதான். ஆனால் மின்தேக்குத்திறன் சரிவதால் வோல்ட்டேஜ் எகிறுகிறது. இயற்பியல் வகுப்புகளில் எலெக்ட்ரோஃபோரஸைச் செய்து காட்டப் பழைய எல்.பி. தட்டையே அடித்தளமாகப் பயன்படுத்துவதும் உண்டு.

நான்காவது, டர்ன்டேபிள். சிலவற்றில் ரப்பர் பட்டை, பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ ஆன சுழல்மேடையைச் சுற்றி ஓடுகிறது. 1929-இல் ராபர்ட் வான் டி கிராஃப் பட்டையை ஓட்டியே மிக உயர்ந்த வோல்ட்டேஜை உண்டாக்கிக் காட்டினார். இங்கே அளவு மிகச் சிறியது என்றாலும் வழிமுறை ஒன்றே.

பலரும் முதலில் சந்தேகப்படுவது ஊசியின் உராய்வை. ஊசி தடத்தைத் தொடும் பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மேற்சொன்னவற்றோடு ஒப்பிட்டால் அதன் பங்கு குறைவு. ஊசி இறங்குவதற்கு முன்பே பெரும்பாலான மின்னூட்டம் ஏறியாகிவிட்டது.

என்ன கெடுகிறது?

ஊசியின் அசைவை மின் சமிக்ஞையாக்குவது கார்ட்ரிட்ஜ். மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ் தரும் சமிக்ஞை 3 முதல் 5 மில்லிவோல்ட் வரைதான். மூவிங் காயில் வகையில் அதில் பத்தில் ஒரு பங்கு. தட்டில் நிற்கும் நிலைமின்சாரமோ ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தொடும். காற்று ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட்டில் தாக்குப்பிடிக்காமல் உடைகிறது; ஒரு மில்லிமீட்டர் தாவும் பொறி என்றாலே சில ஆயிரம் வோல்ட். பாயும் மின்னூட்டம் மிகக் குறைவு என்பதால் கையில் 'சுருக்'கென்று படுவதோடு முடிந்துவிடும். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் மெல்லிய சுருளுக்கு அது இடிபோல. பொறி, ஊசியைத் தாங்கும் உலோகக் கம்பி வழியாகவோ கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல் வழியாகவோ இறங்கும்போது அதன் அதிர்வு சமிக்ஞைக் கம்பிகளில் பதிகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பாட்டைவிட உரக்கப் பெருக்கித் தருகிறது. ஒலி அளவு அதிகமாக வைத்திருந்தால் ஒலிபெருக்கியில் உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கும் நல்லதல்ல.

இரண்டாவது தூசி. இருபது நிமிடப் பக்கத்தில் ஊசி கடக்கும் தடத்தின் நீளம் சுமார் 430 மீட்டர். தடத்தின் அகலமோ தலைமுடியைவிடக் குறைவு. மின்னேறிய தட்டு, மின்னூட்டமே இல்லாத தூசியையும் தூண்டல் மூலம் இழுக்கும். ஊதினாலும் அது போகாது. அப்படியே ஊசியை இறக்கினால் வைர முனை தூசியைத் தடத்தின் சுவரில் வைத்து அழுத்தும். முனையின் பரப்பு மிகச் சிறியது என்பதால் இரண்டு கிராம் பாரமும் அங்கே பெரும் அழுத்தமாகிறது. மின்சாரத்தின் 'டிக்' ஒரு முறையோடு போய்விடும். அது இழுத்துவந்த தூசி உண்டாக்கும் தேய்மானம் போகாது. நிலைமின்சாரத்தால் வரும் உண்மையான நட்டம் இதுதான்.

மூன்றாவது, ஈர்ப்பு. மின்னேறிய தட்டு, கார்ட்ரிட்ஜையும் அதைத் தாங்கும் கையான டோன் ஆர்மையும் கீழ்நோக்கி இழுக்கும். கவனமாக அளந்து வைத்த ஊசியின் பாரம் தட்டுக்குத் தட்டு மாறிவிடும். ஷூர் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட வி15 டைப் IV கார்ட்ரிட்ஜில், மின்கடத்தும் கார்பன் இழைகளால் ஆன சிறு தூரிகையை ஊசிக்கு முன்னால் பொருத்தியது. தட்டின் நெளிவால் வரும் ஆட்டத்தை அடக்குவதும், தூசியைத் தள்ளுவதும், நிலைமின்சாரத்தை இறக்குவதும் அதன் வேலைகள்.

சத்தம் மின்சாரத்தினுடையதா?

மருந்துக்கு முன் நோயைக் கண்டறிய வேண்டும். 'டிக்' சத்தம் எல்லாமே நிலைமின்சாரம் அல்ல. 33⅓ சுற்றுத் தட்டு ஒரு முறை சுழல 1.8 விநாடி ஆகும். 'டிக்', 'டிக்' என்று 1.8 விநாடிக்கு ஒரு முறை தாளம் தவறாமல் வந்தால் அது கீறல். 45 சுற்றுத் தட்டில் இந்த இடைவெளி ஏறத்தாழ 1.3 விநாடி. அதே பாட்டின் அதே சொல்லில் ஒவ்வொரு முறையும் ஒரே சத்தம் வந்தால் தடத்தில் பதிந்த அழுக்கு, கழுவினால் போகலாம். அடுப்பில் எண்ணெய் பொரிவதுபோலத் தொடர்ந்து கேட்டால் பூஞ்சையோ தேய்ந்த தடமோ பழைய தடத்தில் படிந்த பிசுக்கோ காரணமாக இருக்கும். தாளமும் இடமும் இல்லாமல், ஒரு முறை போட்டபோது வந்த இடத்தில் மறுமுறை வராமல், வேறெங்கோ திடீரென்று வெடித்தால் அது நிலைமின்சாரம்.

தட்டை முன்கைக்கு மேலே இரண்டு அங்குல உயரத்தில் பிடித்துப் பார்ப்பது இன்னொரு எளிய சோதனை. முடி எழுந்தால் விடை கிடைத்துவிட்டது.

காற்றின் பங்கு

ஒரே தட்டு ஆடி மாதம் ஒரு மாதிரியும் மார்கழியில் வேறு மாதிரியும் நடந்துகொள்வதற்குக் காரணம் ஈரப்பதம். காற்றில் ஈரம் போதுமான அளவு இருந்தால் உறை, மேட், விரல், தட்டு எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். அந்தப் படலம் சற்றே மின்சாரத்தைக் கடத்தும். மின்னூட்டம் சேரச் சேரக் கசிந்துவிடும். ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டினால் தொல்லை தெளிவாகக் குறையும். 40-க்குக் கீழே போனால் கூடும்.

குளிர் நாடுகளில் குளிர்காலமே மோசமான காலம். வெளியே 0 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், நீரின் அளவு மாறாமலே ஒப்பு ஈரப்பதம் சுமார் 20 விழுக்காடாகச் சரிந்துவிடும். டொரன்டோவில் பனிக்காலத்தில் கதவுப் பிடியைத் தொட்டாலே 'சுருக்'கென்பது இதனால்தான். சென்னை போன்ற கடலோர ஊரில் ஜன்னல் திறந்த அறையில் இசைத்தட்டு பெரும்பாலும் சமர்த்தாக இருக்கும். அதே வீட்டில் நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் காற்று உலர்ந்திருக்கும், தட்டும் படபடக்கும்.

உலர்ந்த அறையில் ஈரப்பதமூட்டி வைத்து 45 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்துவது, விலையுயர்ந்த பல கருவிகளைவிடப் பயன் தரும். அதற்கு மேல் ஏற்றுவது இன்னொரு வம்பு. ஈரம் மிகுந்தால் அட்டை உறைகளிலும் தடங்களிலும் பூஞ்சை பிடிக்கும். மழைக்கால ஊர்களில் தட்டுகளின் பெரிய எதிரி மின்சாரமல்ல, பூஞ்சைதான்.

எர்த் கம்பி எதைச் செய்யும்?

டர்ன்டேபிளின் பின்னாலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியை ஆம்ப்ளிஃபையரின் திருகில் இணைக்காவிட்டால் 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும். இணைத்ததும் அது நிற்கும். இதிலிருந்து, எர்த் சரியாக இருந்தால் நிலைமின்சாரமும் போய்விடும் என்று நினைத்துக்கொள்வது பரவலான தவறு.

எர்த் கம்பி உலோகத்தில் இருக்கும் மின்னூட்டத்தை இறக்கும். டோன் ஆர்ம், மோட்டார், சுழல்மேடையின் அச்சு ஆகியவை அதன் எல்லைக்குள் வருபவை. வினைலின் மேல் ஒரு மூலையில் நிற்கும் மின்னூட்டம் மறுமூலையில் இருக்கும் உலோகத்துக்கு நகர்ந்து வராது. நடுத்துளையில் அச்சு தொட்டுக்கொண்டிருந்தாலும் விளிம்பில் உள்ள மின்னூட்டம் விளிம்பிலேயே இருக்கும்.

இருந்தாலும் எர்த் தொடர்பைச் சரிபார்ப்பது வீண் வேலையல்ல. பொறி தாவினால் அது சமிக்ஞைக் கம்பியைத் தவிர்த்து எர்த் வழியே போவது நல்லது. மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை நடு அச்சிலும் மறுமுனையை எர்த் கம்பியிலும் வைத்தால் தொடர்பு உண்டா என்பது தெரியும். சில டர்ன்டேபிள்களில் அச்சுக்கும் எர்த்துக்கும் நடுவே எண்ணெய்ப் படலமும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இருப்பதால் தொடர்பு இருக்காது.

மேட்டும் உறையும்

வழியை உண்டாக்குவதற்கு முன், மின்னூட்டம் பிறப்பதையே குறைப்பது சுலபம். ஃபெல்ட் மேட் கம்பளி அல்லது செயற்கை இழையால் ஆனது. வினைலுக்கு எதிர்க்கோடியில் நிற்பது. அதை எடுத்துவிட்டுக் கார்க், தோல் அல்லது கார்பன் கலந்த ரப்பர் மேட் போட்டால், தட்டோடு மேட்டும் எழும்பிவரும் தொல்லை பெரும்பாலும் நின்றுவிடும்.

காகித உள்ளுறைக்குப் பதிலாக மெல்லிய, வழுவழுப்பான, நிலைமின் தடுக்கும் பாலிஎத்திலீன் உறை பயன்படுத்தலாம். 'அரிசித்தாள் உறை' என்று விற்கப்படும் பலவும் உண்மையில் இந்தப் பிளாஸ்டிக்தான். உறைக்குள் தட்டு தளர்வாக இருக்க வேண்டும். உறையின் வாயைச் சற்று அகட்டி, தட்டு பக்கங்களில் உரசாதபடி மெல்ல வெளியே எடுக்க வேண்டும். வேகமாக உருவினால் எந்த உறையும் உதவாது. மென்மையான பி.வி.சி. உறைகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் உள்ள நெகிழ்வூட்டி நாளடைவில் தட்டின் மேற்பரப்பில் பனிமூட்டம்போல் கறை விடும்.

கார்பன் தூரிகை

இனி மருந்துகள். பிளாஸ்டிக் முடியுள்ள தூரிகை உராய்வை மட்டுமே தரும். கார்பன் இழைத் தூரிகை அப்படியல்ல. இழை ஒவ்வொன்றும் மின்கடத்தி. ஓர் இழையின் தடிமன் சுமார் 7 மைக்ரான். தடத்துக்குள் நுழையப் போதுமான மெலிவு. வினைலுக்குள் மின்னூட்டம் நகராது என்பதால், ஆயிரமாயிரம் இழைகள் அந்தந்த இடத்துக்கே போய் அதைத் தொடுகின்றன. கூர்முனைக்கு இன்னொரு குணமும் உண்டு. மின்புலம் கூர்முனையில் குவியும். அங்கே காற்று அயனியாகி, தொடாமலேயே மின்னூட்டம் கசியும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இடிதாங்கியைக் கூர்முனையோடு வைத்ததன் பின்னால் இருந்த அவதானிப்பும் இதுதான்.

இறக்கிய மின்னூட்டம் போகவும் வழி வேண்டும். நல்ல தூரிகைகளில் இழைகள் உலோகக் கைப்பிடியோடு தொடர்புடையவை. பிடித்திருக்கும் விரல் அந்த உலோகத்தைத் தொட வேண்டும். இன்னொரு கை டர்ன்டேபிளின் எர்த் ஆன உலோகப் பாகத்தைத் தொட்டால் வழி முழுமையாகும். பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடித்துத் துடைத்தால் தூசி நகரும், மின்சாரம் தங்கும்.

தட்டைச் சுழலவிட்டு, இழைமுனைகள் பட்டும் படாமலும் இருக்க இரண்டு மூன்று சுற்றுப் பிடித்து, பிறகு மெல்ல விளிம்பை நோக்கி நகர்த்தித் தூசியை வெளியேற்றுவதே முறை. அழுத்தித் தேய்த்தால் உராய்வு கூடி, இறக்க வந்த கருவியே ஏற்றத் தொடங்கும்.

கழுவுதல்

நிலைமின்சாரத்தை முழுவதும் நீக்குவதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. தட்டு முழுவதும் நனையும்போது மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் கடத்தும் வழி கிடைக்கிறது. தடத்தில் படிந்த தூசியும் விரல் பிசுக்கும் அதோடு போகின்றன.

காய்ச்சி வடித்த நீரில் சில துளி நனைப்பான் சேர்த்தால் போதும். நனைப்பான் இல்லாவிட்டால் தாமரை இலைத் தண்ணீர்போல நீர் திவலை திவலையாக உருண்டு, தடத்துக்குள் இறங்காது. பிசுக்கு அதிகம் உள்ள வினைல் தட்டுக்குச் சிறிதளவு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்ப்பவர்கள் உண்டு. போர்வெல் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். நீர் உலர்ந்த பிறகு உப்பு தடத்திலேயே நின்று புதிய கரகரப்பைத் தரும். நடுவே ஒட்டியிருக்கும் காகித லேபிள் நனையக் கூடாது.

78 சுற்று அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் ஆகாது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுபவர் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் கரைக்கிறார். அதே கரைசல் இசைத்தட்டின் மேலும் நடந்தால் பாட்டு கரைந்துவிடும்.

கழுவுவதற்கென்று இயந்திரங்களும் வந்தன. 'கிராமபோன்' இதழின் தொழில்நுட்ப ஆசிரியராக இருந்த பெர்சி வில்சனின் வடிவமைப்பைப் பின்பற்றி இங்கிலாந்தில் கீத் மங்க்ஸ் உருவாக்கிய இயந்திரம் இவற்றின் முன்னோடி. திரவத்தைப் பரப்பி, பிறகு மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்கும் முறை அது. உறிஞ்சும் இயந்திரங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஈரம் போன பிறகும் தட்டைச் சுழலவிட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால், உறிஞ்சுவாயில் இருக்கும் வெல்வெட் உலர்ந்த வினைலில் உரசி மறுபடி மின்னேற்றும். இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்திவிட்டு, மீதி ஈரத்தைக் காற்றில் உலரவிடுவது நல்லது.

உலர்ந்த தட்டைப் பழைய காகித உறைக்குள்ளேயே திரும்பவும் செருகினால் செய்த வேலையில் பாதி வீண். கழுவிய தட்டுக்குப் புது உறை என்பது விதி.

நிலைமின் தடுப்புத் தெளிப்பான்களும் தண்ணீரின் தத்துவத்தையே பின்பற்றுகின்றன. அவை காற்றின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் மெல்லிய படலத்தைத் தட்டின் மேல் விடுகின்றன. வேலை செய்யும், ஆனால் அதிகம் தெளித்தால் படலம் ஊசியில் பிசினாகச் சேரும். துணிகளுக்கும் கணினித் திரைகளுக்கும் விற்கும் தெளிப்பான்களை இசைத்தட்டில் பயன்படுத்தவே கூடாது.

துப்பாக்கி

ஈரமில்லாமல், தொடாமல் மின்னூட்டத்துக்கு வழி கொடுப்பது அயனி. 1970களில் இங்கிலாந்தில் உருவான ஸீரோஸ்டாட் துப்பாக்கி இந்த வகையில் புகழ்பெற்றது. இப்போது மில்ட்டி என்ற பெயரில் விற்பனையாகிறது. இதில் பேட்டரி கிடையாது. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகப்பொருள் உள்ளே இருக்கிறது. அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரில் இருப்பதும் இதுவே. லைட்டரில் அந்த மின்சாரம் சிறு இடைவெளியில் பொறியாகத் தாவி முடிந்துவிடும். துப்பாக்கியில் அது கூரான ஊசிமுனைக்குப் போய், சுற்றியுள்ள காற்றை அயனியாக்குகிறது. விசையை அழுத்தும்போது நேர் அயனிகளும், விடும்போது எதிர் அயனிகளும் வெளிவரும். தட்டு தனக்குத் தேவையானதை இழுத்துச் சமன் செய்துகொள்ளும்.

எல்லாம் விசையை இழுக்கும் வேகத்தில் இருக்கிறது. துப்பாக்கியைத் தட்டிலிருந்து சுமார் ஓர் அடி தள்ளிப் பிடித்து, இரண்டு விநாடிக்குக் குறையாமல் மெல்ல அழுத்தி, அதே நிதானத்தில் விட வேண்டும். 'டிக்' சத்தம் வந்தால் பொறி தாவிவிட்டது, அயனி வீணானது என்று பொருள். தட்டு உலோகச் சுழல்மேடையின் மேல் இருக்கும்போது மின்புலம் கீழ்நோக்கி அடங்கியிருப்பதால் அயனிகளை இழுக்கும் விசை குறைவு. தட்டைக் கையில் பிடித்து இரு முகங்களுக்கும் காட்டுவதே மேல். கார்ட்ரிட்ஜுக்கு அருகே துப்பாக்கியை இயக்கக் கூடாது.

துப்பாக்கி தூசியை நீக்காது. தூசியைப் பிடித்திருக்கும் பிடியை மட்டும் தளர்த்தும். அதனால் முதலில் துப்பாக்கி, பிறகு தூரிகை என்பதே சரியான வரிசை.

முன்பு செய்து பார்த்தவை

1950களில் இங்கிலாந்தின் செசில் வாட்ஸ் உருவாக்கிய டஸ்ட் பக், ஊசியோடு கூடவே தட்டின் மேல் ஓடும் குட்டிக் கை. அதன் நுனியில் நைலான் முடியும் லேசாக நனைத்த மென்பஞ்சு உருளையும் இருக்கும். ஐரோப்பாவில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பாடும்போதே தடத்தில் திரவம் பரப்பும் கையைப் பொருத்தினார்கள். சத்தம் அடங்கியது. ஆனால் திரவம் உலர்ந்து தடத்தில் விட்ட படிவு, அந்தத் தட்டைப் பிறகு ஈரமில்லாமல் கேட்கவே முடியாதபடி செய்தது.

அமெரிக்காவில் ஸ்டாட்டிக்மாஸ்டர் என்ற தூரிகையில் பொலோனியம்-210 பட்டை இருந்தது. அது வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் காற்றை அயனியாக்கிவிடும். அதன் அரை ஆயுள் 138 நாள். எனவே அடிக்கடி புதுப்பட்டை மாற்ற வேண்டும். அழுத்தத்தால் மின்சாரம் பிறப்பதை 1880-இல் கண்டறிந்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். 1898-இல் பொலோனியத்தைக் கண்டுபிடித்தவர்கள் மேரி கியூரியும் அதே பியர் கியூரியும். இசைத்தட்டின் மின்னூட்டத்தை இறக்க வந்த இருவேறு அயனிக் கருவிகளும் ஒரே மனிதரின் ஆய்வறையில் வேர் கொண்டவை.

தட்டின் பொருளையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. ஜப்பானின் தொஷிபா, நிலைமின் தடுப்புப் பொருள் சேர்த்த எவர்கிளீன் தட்டுகளைச் சிவப்பு நிறத்தில் வெளியிட்டது. ஒளியில் பிடித்தால் மாணிக்கம்போல் தெரியும் அவற்றை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஆர்.சி.ஏ. விக்டர் 1960களின் தொடக்கத்தில் 317எக்ஸ் என்ற கலவையை உறைகளில் விளம்பரப்படுத்தியது. அதே நிறுவனம் 1981-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சி.இ.டி. வீடியோத் தட்டில் கார்பனை நிறையக் கலந்து பி.வி.சி.யையே மின்கடத்தியாக்கியது. அங்கே ஊசி படத்தை மின்தேக்குத்திறன் மாற்றமாகப் படித்ததால், கடத்துவது கட்டாயமாக இருந்தது.

ஒரு பக்கம் கேட்க

எல்லாவற்றையும் சேர்த்தால் வரிசை இப்படி அமையும். புதிதாக வாங்கிய தட்டு, பழைய கடையில் வாங்கிய தட்டு எதுவானாலும் முதலில் ஒரு முறை கழுவி, புது உறையில் இட வேண்டும். கேட்கும்போது உறையை அகட்டித் தட்டை மெல்ல எடுத்து, விளிம்பிலும் லேபிளிலும் மட்டுமே விரல் பட வைக்க வேண்டும். காற்று உலர்ந்திருந்தால் இரு முகங்களுக்கும் துப்பாக்கி; பிறகு சுழலவிட்டுக் கார்பன் தூரிகை. அதன் பிறகே ஊசி.

பக்கம் முடிந்ததும் ஒலி அளவைக் குறைத்து, டோன் ஆர்மை அதன் தாங்கியில் பூட்டி, ஒரு கையால் டர்ன்டேபிளின் உலோகப் பாகத்தைத் தொட்டுவிட்டுத் தட்டைத் தூக்க வேண்டும். வோல்ட்டேஜ் எகிறும் கணம் அதுதான். ஊசி அப்போது தொலைவில் இருக்க வேண்டும். தட்டை மேட்டிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிய்த்தெடுக்காமல், சமமாக, நிதானமாக எடுத்து உடனே உறைக்குள் விட்டு நிமிர்த்தி நிறுத்தினால், அடுத்த முறை வெளியே வரும்போது அதன்மேல் இறக்க வேண்டிய மின்சாரமும் துடைக்க வேண்டிய தூசும் குறைவாகவே இருக்கும்.